பெட்டிக்குப் பன்னிரண்டு

போன வாரம் அண்ணன் மகளின் நோட்டுகளுக்கு அட்டை போட உட்கார்ந்தேன். கடைப் பசை தீர்ந்திருந்தது. கொஞ்சம் மைதாவைக் காய்ச்சினேன். அந்த வாடை வந்ததும் எனக்குக் கை ஓடவில்லை. சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தத்தில் நான் பழகிய தெருவில் சோறு மணப்பதற்கு முன்னால் இந்தப் பசைதான் மணக்கும். வெடிக்கான வெறும் காகிதக் குழாயை வீட்டிலேயே சுற்றிக் கொடுப்பார்கள். மருந்தெல்லாம் கம்பெனியில்தான்.

கொரோனாவுக்குப் பிறகு பள்ளிக்கூடம் திறந்த வருஷம் அங்கே சமுதாயக்கூடத்தில் சாயங்கால வகுப்பு எடுத்தேன். வாசிக்கத் தடுமாறுகிற, கணக்கு வராத பிள்ளைகளுக்கான வகுப்பு. கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் எல்லோரிடமும் சிடுசிடுத்துக்கொண்டிருந்தேன். தொல்லை விட்டால் போதுமென்று அம்மாதான் அனுப்பி வைத்தார். நான்கு நாள் பயிற்சியும் ஒரு கட்டுப் பட அட்டைகளும் கொடுத்தார்கள். ஓர் அட்டையில் பனிமனிதன். எங்கள் ஊர் வெயிலில் அவனைக் காட்டி "இது யாரு?" என்றேன். "வெள்ளையடிச்ச பானைக்கா, அடுக்கி வச்சிருக்காக" என்றான் ஒருவன். அட்டைக் கட்டை அன்றே பைக்குள் வைத்துவிட்டேன்.

மாரீஸ்வரி ஐந்தாம் வகுப்பு. முதல் நாள் அவளைக் கூட்டிவந்த அம்மா முத்துலட்சுமி வாசலிலேயே சொல்லிவிட்டார்: "அரைப் பரீட்சை வரைக்கும் பாப்பேன் டீச்சர். வாசிக்க வரலேன்னா அஞ்சாப்போட நிப்பாட்டிருவேன். குழாய்க்கு ஒரு கை கூடும்ல." கோபமெல்லாம் இல்லை. மழை வந்தால் துணியை எடுத்துவிடுவேன் என்பதுபோல் சொன்னார்.

ஒரு பெட்டியில் பத்துப் பென்சில் இருந்தால் 6 பெட்டியில் எத்தனை? மாரீஸ்வரி எழுபத்திரண்டு என்று எழுதினாள். அடுத்த நாள் வேறொரு கணக்குக்கு நாற்பத்தெட்டு. நான் பாட்டுக்குச் சிவப்பு மையால் தப்புப் போட்டுக்கொண்டே இருந்தேன். எல்லாமே பன்னிரண்டாம் வாய்ப்பாடு என்பது இந்தக் கணக்குப் பட்டதாரிக்கு உறைக்க மூன்று வாரம் ஆனது.

"எப்படி எழுபத்திரண்டு?"

"ஆறு கட்டுல்லக்கா. கட்டுக்குப் பன்னண்டு."

வீட்டில் குழாய்களைப் பன்னிரண்டு பன்னிரண்டாகத்தான் கட்டுவார்கள். கேள்வியில் ஆறு மட்டும் எண்ணாக இருந்தது, பத்து எழுத்தில் இருந்தது. தெரிந்த எண்ணை எடுத்துக்கொண்டு, வாசிக்க முடியாததை வீட்டிலிருந்து நிரப்பியிருக்கிறாள். பெருக்கலில் ஒரு பிசகு இல்லை. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. போட்ட தப்புகளுக்காக வெட்கமாகவும் இருந்தது.

பாடப்புத்தகத்தைக் கண்டாலே கொட்டாவி விடுவாள். ஆனால் குழாய் சுற்றுவது பழைய காகிதத்தில்தானே? அச்சாபீஸ் கழிவு, கிழிந்த புத்தகம், யாரோ எழுதிய பரீட்சைத் தாள். பசை தடவுமுன் கிழிந்துபோன துண்டுகளைக் கொண்டுவரச் சொன்னேன். ஒருநாள் எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தாள்: "மண... மகனுக்கு... முப்பது வயது. சொந்த... மாக..." அதோடு காகிதம் முடிந்துவிட்டது.

"சொந்தமா என்னக்கா?"

"லாரி" என்றது ஒரு குரல். "ஆட்டுக்குட்டி." "பல்லு." வகுப்பு உருண்டு சிரித்தது. அதுவே எங்கள் விளையாட்டாகிப் போனது. என்ன வேண்டுமானாலும் சேர்க்கலாம். ஆனால் தாளில் போட்டிருப்பது எது, நாம் சேர்த்தது எது என்று கடைசியில் பிரித்துச் சொல்ல வேண்டும்.

அரைப் பரீட்சைக்கு முந்தின வாரம் முத்துலட்சுமி வந்தார். நான் ஒரு துண்டை எடுத்து நீட்டப்போனேன். "நீங்க குடுக்காதீக. மனப்பாடமாச் சொல்லுவா" என்று முந்தானையில் முடிந்திருந்த காகிதத்தை எடுத்து மகளிடம் கொடுத்தார். அவருக்கு எழுத்து தெரியாது.

"அன்புடையீர்" என்று தொடங்கி, மாரீஸ்வரி ஒவ்வொரு எழுத்தாய் அழுத்தி அழுத்தி வாசித்தாள். கல்யாணப் பத்திரிகை. தேதி வந்தது, மண்டபம் வந்தது.

"சரி, பொண்ணு பேரு என்ன?"

அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து விரல் வைத்துக்கொண்டு போனாள். "அது இதுல இல்லம்மா. கிழிஞ்சிருச்சு."

"ஏதாச்சும் ஒரு பேரு சொல்லேன்."

"போடாததை எப்படிம்மா சொல்ல?"

முத்துலட்சுமி காகிதத்தை வாங்கி மறுபடி முடிந்துகொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "ஆறாப்புக்கு எந்தப் பள்ளிக்கூடம் நல்லாருக்கும் டீச்சர்?" என்றார். அழுதுவிடக் கூடாதென்று சாக்பீஸைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அந்த வகுப்பு இப்போது இல்லை. எனக்கும் வேறு வேலை கிடைத்து விருதுநகருக்கு வந்துவிட்டேன். போன மாதம் சிவகாசி பஸ்ஸில் மாரீஸ்வரி. ஒன்பதாம் வகுப்பு. மடியில் தடிமனாக ஒரு கதைப் புத்தகம். உதடு அசையவில்லை, கண் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எழுத்தெழுத்தாய்த் திக்கும் அந்தக் குரல் போயே போய்விட்டது. அதை ஒழிக்கத்தான் அத்தனை பாடுபட்டோம்; ஆனாலும் இன்னொரு தடவை கேட்க மாட்டோமா என்று இருந்தது.

"ஏ மாரி, என்ன வாசிக்கே?" என்று தோளைத் தொட்டேன்.

தலை நிமிரவில்லை. "கொஞ்சம் இருங்கக்கா, இந்தப் பக்கத்த முடிச்சுக்கிடுதேன்."