கராமாவில் கிண்டிய பீச் காப்ளர்

எண்பதுகளில் துபாய் கராமாவில் ஒரே அறையில் ஆறு பேர் குடியிருந்தோம். எங்களில் ஒருவர் வெள்ளைக்கார மேனேஜரிடம் டைப்பிஸ்ட். மேனேஜர் வீட்டு விருந்தில் பீச் காப்ளர் என்ற இனிப்பைச் சாப்பிட்டு வந்ததிலிருந்து மனிதர் எங்கள் சாம்பாரை மதிப்பதே இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை பீச் பழ டின்னும் மைதாவும் வெண்ணெயும் வாங்கிவந்து, அதைத் தானே செய்துகாட்ட இறங்கினார்.

அறையில் ஓவன் ஏது? வாணலியை அடுப்பில் ஏற்றினார். மற்றவர்கள் சும்மா இருப்போமா? மைதா வயிற்றுக்கு ஆகாதென்று ஒருவர் ரவையைக் கொட்டினார். வெண்ணெயை ஒதுக்கிவிட்டு இன்னொருவர் நெய்யை ஊற்றினார். என் பங்குக்கு ஏலக்காயும் முந்திரியும் போட்டேன். கிண்டி இறக்கியதும் டைப்பிஸ்ட் கண்ணை மூடிச் சுவைத்து, "இதேதான், மேனேஜர் வீட்டு ருசி" என்றார். நாங்களும் துரைமார் தோரணையில் ஸ்பூனால் சாப்பிட்டோம்.

இந்தப் பெருமையைச் செய்முறையோடு கேசட்டில் பேசிப் பதிந்து, டைப்பிஸ்ட் ஊரிலிருந்த மனைவிக்கு அனுப்பினார். பதில் கேசட் வந்தது. அறைக்கே ஒரு டேப் ரிக்கார்டர்தான் என்பதால் எல்லோரும் கேட்டோம்.

"நீங்க சொன்ன மாதிரியே கிண்டினேங்க. கேசரிதான் வந்துச்சு. இதைத் திங்கவா துபாய் போனீங்க?"