சத்தம் போட ஓர் ஆள்

அறுபதுகளின் தொடக்கத்தில் திருச்சியில் எனக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. மருங்காபுரிப் பக்கத்து வானம் பார்த்த பூமியிலிருந்து வந்தவன் நான். வீட்டில் அண்ணன்மார் இருவரும் கிணறு வெட்டியும் வண்டி ஓட்டியும் உடம்பை முறுக்கேற்றிக்கொண்டவர்கள். நான் மட்டும் படிக்கிற பிள்ளை. எனக்கு வெயிலே ஆகாது என்று வீட்டில் சொல்லிச் சொல்லி, உண்மையிலேயே ஆகாமல் போய்விட்டது.

ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் தெருவில் ஒரு மாடி அறையில் குடியிருந்தேன். கீழே வீட்டுக்காரரும் அவர் மனைவியும் மட்டும். காலையில் பஸ் ஏறி ஆபீஸ் போவது, சாயந்திரம் திரும்பி வந்து மெஸ்ஸில் சாப்பிட்டுப் படுப்பது. ஞாயிற்றுக்கிழமைகளில் சில சமயம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் பொழுது போய்விடும். திங்கட்கிழமை கண்டக்டரிடம் டிக்கெட் கேட்கும்போது தொண்டை கரகரக்கும்.

வந்த மறுவருஷம் எனக்கு டைபாய்டு வந்தது. ஊருக்குப் போய்ப் படுத்திருந்து, எழுந்து திரும்பி வந்தபோது என் சட்டைகளெல்லாம் வேறு யாருடையவோ போலத் தொங்கின. கொஞ்சம் வேகமாக நடந்தால் மூச்சு வாங்கியது. நான் போய்க் காட்டிய டாக்டர் நாடி பார்த்துவிட்டுச் சொன்னார்.

"மருந்து குடுத்தது போதும். இனிமே நீங்கதான் உடம்பை அசைக்கணும். எங்கயாவது தேகப்பயிற்சிக்குப் போங்க."

"வீட்லயே செய்யலாங்களா?"

"ரெண்டு நாள் செய்வீங்க. அப்புறம் படுத்துத் தூங்குவீங்க. நாலு பேர் இருக்கிற இடத்துக்குப் போங்க."

அந்த நாலு பேர்தான் எனக்குப் பிரச்சினை.

தெப்பக்குளத்துக்கு அருகே ஒரு சந்தில் தேகப்பயிற்சி சாலை ஒன்று இருந்தது. ஓட்டுக் கூரை போட்ட நீளமான கூடம். சாயந்திரங்களில் கதவு திறந்தே கிடக்கும். இரும்பு இரும்போடு மோதும் ஓசையும், 'ஹூம்' என்று மூச்சைத் தள்ளும் ஓசையும் தெருவரை வரும். ஆபீஸ் விட்டதும் அங்கே போவேன். வாசலை நெருங்க நெருங்க நெஞ்சு அடித்துக்கொள்ளும். உள்ளங்கை வேர்த்து, கையிலிருக்கும் துண்டு ஈரமாகிவிடும். உள்ளே எண்ணெய் மினுங்கும் முதுகுகள் தெரியும். சட்டையைக் கழற்றிவிட்டு அந்த முதுகுகளுக்கு நடுவே நிற்கும் என்னை நினைத்துப் பார்ப்பேன். கால் தானாக எதிரே இருந்த சோடாக் கடைக்குத் திரும்பிவிடும்.

சில நாள் இப்படிப் போனபின் சோடாக் கடைக்காரர் கேட்டார்.

"யாருக்காச்சும் காத்திருக்கீங்களா தம்பி?"

"ஆமாங்க."

"வரலியா?"

"வரலீங்க."

அடுத்த நாளும் கேட்டார், அதற்கடுத்த நாளும் கேட்டார். வராத அந்த ஆளின் மேல் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "இப்படியா ஒரு மனுஷனைக் காக்க வைப்பாங்க?" என்று எனக்காகச் சலித்துக்கொண்டார். அவரிடம் அந்தப் பேச்சைக் கேட்கக் கூச்சமாக இருந்ததால்தான், ஒரு சாயந்திரம் சோடா குடிக்காமல் நேரே பயிற்சிச் சாலைக்குள் நுழைந்தேன்.

நிர்வாகி ஒரு மேஜையின் பின்னால் உட்கார்ந்திருந்தார். பெயரையும் ஊரையும் கேட்டுக்கொண்டு, "சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டிட்டுப் போங்க. மொதல்ல தண்டால், பஸ்கி. அப்புறம் மத்தது," என்றார். சுவரில் அனுமார் படம். அதற்குப் பக்கத்தில் ஆள் உயரக் கண்ணாடி. சட்டையைக் கழற்றித் திரும்பியபோது கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். என் அறையில் இருந்தது முகம் பார்க்கிற சிறிய கண்ணாடிதான். காய்ச்சலுக்குப் பிறகு முழு உடம்பையும் நான் பார்த்தது அன்றுதான்.

"இவருக்கு எக்ஸ்ரேயே தேவையில்லப்பா. எல்லாம் வெளியவே தெரியுது," என்று யாரோ சொன்னார்கள். நாலைந்து பேர் சிரித்தார்கள். சொன்னவன் நான் அவன் பக்கம் பார்ப்பதற்குள் தன் கர்லாக்கட்டையைச் சுற்ற ஆரம்பித்துவிட்டான். அவனுக்கு அது அத்தோடு முடிந்துபோன பேச்சு. எனக்குத் தண்டால் எடுக்கக் கையூன்றிய பிறகும் அது காதிலேயே நின்றது. மூன்றாவது தண்டாலில் நெஞ்சு தரையில் பட்டது. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வெளியே வந்தேன்.

பஸ்ஸில் கூட்டம். எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. பாலத்துக்கு முன்பே இறங்கி, காவேரிப் பாலத்தை நடந்து கடந்தேன். ஆற்றில் தண்ணீர் அகலமாகப் போய்க்கொண்டிருந்தது. ஊருக்கே போய்விடலாமா என்று தோன்றியது. போனால் அண்ணன்மார் என்ன கேட்பார்கள் என்பதும் கூடவே தோன்றியது.

கொஞ்ச நாள் அந்தச் சந்துப் பக்கமே போகவில்லை. மாடிப்படி ஏறினால் கால் துவண்டது. டாக்டர் சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு மத்தியானம், பயிற்சிச் சாலை வெறிச்சோடிக் கிடந்த நேரத்தில், நிர்வாகியைப் போய்ப் பார்த்தேன்.

"கூட்டமில்லாத நேரம் ஏதாச்சும் உண்டுங்களா?"

அவர் ஏன் என்று கேட்கவில்லை.

"விடியக்காலம் ஒருத்தர் வர்றாரு. சாவி அவர்கிட்ட ஒண்ணு இருக்கு. பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்புல வேலை. யார்கிட்டயும் பேச மாட்டாரு. உங்களுக்கு சரிப்பட்டா வாங்க."

எனக்கு அது போதும். ஆபீஸ் நண்பர் ஒருவரின் பழைய சைக்கிளை வாங்கிக்கொண்டேன். இருட்டோடு எழுந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவேன். வாசல் தெளிக்க வந்த வீட்டுக்கார அம்மாள் முதல் நாளே பார்த்துவிட்டாள்.

"காவேரிக்குத் தீர்த்தமாடவா கிளம்பிட்டேள்? இந்தக் காலத்துப் பிள்ளைகள்ல யார் இதெல்லாம் பண்றா! பெருமாள் நன்னா வெப்பர்."

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்கு மதிப்புக் கூடியது. தளிகையில் மிஞ்சிய புளியோதரை சில நாள் மாடிக்கு வரும்.

விடியக்காலத்து மனிதர் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பார். வாசலை அடைத்துக்கொண்டு வருகிற மாதிரி உடம்பு. மாவட்டப் போட்டியில் பளு தூக்கிப் பரிசு வாங்கியவர் என்று பிறகு தெரிந்தது. உள்ளே வந்ததும் கழுத்திலிருந்த சிலுவைச் சங்கிலியைக் கழற்றி, அனுமார் படத்துக்குக் கீழிருந்த ஆணியில் மாட்டுவார். கண்ணை மூடி ஒரு நிமிஷம் நிற்பார். பிறகு வேலையை ஆரம்பித்துவிடுவார். நான் மூலையில் முதுகைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு என் தண்டாலை எடுப்பேன். அவர் ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. அப்படியும் முதல் வாரம் முழுவதும் நான் பனியனைக் கழற்றவில்லை.

இரண்டு பேரும் ஒரே கூடத்தில், ஒரு வார்த்தை இல்லாமல், மழைக்காலம் முழுவதையும் கழித்தோம். அது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போது, "போயிட்டு வரேன்" என்று சொல்ல ஓர் ஆள் இருந்தும் சொல்லாமல் போகிறோமே என்று இருக்கும்.

மழை விட்ட பிறகு ஒருநாள் அவரே பேசினார். அந்த உடம்புக்குச் சற்றும் பொருந்தாத மெல்லிய குரல்.

"சார், ஒரு உதவி செய்வீங்களா?"

"சொல்லுங்கண்ணே."

"நான் பெஞ்சுல படுத்துக்கிட்டு பளுவைத் தூக்குறப்ப, தலைமாட்டுல கொஞ்சம் நிக்கணும்."

"நான் எப்படிண்ணே தூக்கிவிட முடியும்? என் கையைப் பாருங்க."

"தூக்க வேணாம் சார். எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா வெளிய போய் சத்தம் போடுங்க. அது போதும்."

பிறகு, துண்டால் முகத்தைத் துடைத்தபடி சொன்னார். நான் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன், தனியாக இருக்கும்போது, தூக்கிய பளு அப்படியே நெஞ்சில் இறங்கி உட்கார்ந்துவிட்டதாம். மூச்சு விட முடியாமல் எவ்வளவு நேரம் கிடந்தார் என்று தெரியாதாம். எப்படியோ உருட்டி வயிற்றுக்குத் தள்ளி எழுந்திருக்கிறார். அதிலிருந்து பெஞ்சில் படுத்தாலே கூரை கிட்டத்தில் வருகிற மாதிரி இருக்கிறதாம்.

"சாயந்திரம் வந்தா ஆளுங்க இருப்பாங்களேண்ணே?"

"சாயந்திரம் எல்லாரும் சுத்தி நின்னு பாக்குறாங்க சார். போன வாரம் தூக்குனதை இந்த வாரம் தூக்கலேன்னா ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்குறான். எனக்குக் கை வேர்த்துடுது. அதான் விடியக்காலமா சாவியை வாங்கிக்கிட்டேன்."

என் கையும் வேர்க்கும் என்று நான் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருக்கும்.

அன்றிலிருந்து அவருடைய தலைமாட்டில் நின்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்: "நிக்கிறீங்களா?"

"நிக்கிறேண்ணே."

பளு மேலே போகும். இறங்கும். மறுபடி, "நிக்கிறீங்களா?" என்பார். இதுதான் எங்கள் பேச்சு. நான் அங்கே நின்றதற்கு ஓர் அர்த்தம் இருந்தது. ஊரை விட்டு வந்த பிறகு, நான் ஓர் இடத்தில் இருக்கிறேனா என்று கேட்ட முதல் மனிதர் அவர். பனியனைக் கழற்றி ஆணியில் மாட்டியது எந்த நாள் என்று எனக்கே நினைவில்லை.

பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் அது நடந்தது. அன்று அவர் இரண்டு பக்கமும் கூடுதலாக ஒரு தட்டு ஏற்றினார். இரண்டு தடவை தூக்கினார். மூன்றாவது தடவை பாதி தூரம் போன கம்பி நின்றது. அவருடைய கைகள் ஆடின. கம்பி மெதுவாக இறங்கி நெஞ்சில் உட்கார்ந்தது. அவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. கண்கள் மட்டும் என்னைப் பார்த்தன.

சத்தம் போட வேண்டியதுதான் என் வேலை. எனக்கும் சத்தம் வரவில்லை. சந்தில் அந்த நேரத்துக்கு யாரும் இருக்கமாட்டார்கள் என்பது மட்டும் தெரிந்தது. ஒரு பக்கமாக ஓடி, கம்பியின் நுனியை இரண்டு கையாலும் பிடித்து, என் முழு உடம்பையும் அதில் போட்டுத் தொங்கினேன். கம்பி சாய்ந்தது. தட்டுகள் நழுவி ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையில் விழுந்தன. நான் விலகி விழுந்தேன். கனம் குறைந்த பக்கம் எகிறி, கம்பி மறுபக்கம் புரண்டு பேரோசையோடு கீழே போனது.

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. "காலங்காத்தால என்னாங்கடா அங்க? மனுஷங்க தூங்க வேணாமா?" என்று ஒரு பெண் கத்தினாள்.

"ஒண்ணுமில்லீங்கம்மா," என்றேன். அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது.

அவர் எழுந்து பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார். நெஞ்சில் கம்பியின் தடம் சிவப்பாக ஒரு கோடு போட்டிருந்தது. நான் சிதறிக் கிடந்த தட்டுகளை உருட்டிச் சுவரோரம் சேர்த்தேன். கடைசித் தட்டைச் சாய்த்து வைத்தபோது அவர் சொன்னார்.

"இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க சார்."

"என்கிட்ட கேக்குறதுக்கு யாருண்ணே இருக்கா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தக் கூடத்தில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. அன்று அவர் என்னைக் காபிக் கடைக்குக் கூட்டிப்போனார். அம்மா இறந்ததிலிருந்து பொன்மலைக் குவார்ட்டர்ஸில் தனியாகத்தான் இருக்கிறார் என்று அங்கேதான் தெரிந்தது. தானே சமைப்பாராம். "ஒருத்தனுக்கு சமைச்சா ருசியே வரமாட்டேங்குது சார். ஏன்னு தெரியல," என்றார்.

கோடை முடிவதற்குள் அவருக்கு ஹூப்ளிக்கு மாற்றல் வந்தது. ஜங்ஷனுக்கு வழியனுப்பப் போனேன். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருள், அவ்வளவுதான் அவருடைய சாமான். பேசிக்கொள்ள எங்களுக்கு என்ன இருந்தது? வண்டி நகர்ந்தபோது, "விடாம போங்க சார்," என்று மட்டும் சொன்னார். பிளாட்பாரம் காலியான பிறகும் நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

சாவியை அவர் நிர்வாகியிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சத்தம் போட ஆளில்லாத இடத்தில் தனியாகச் செய்யப் பயந்து நான் அதைக் கேட்கவில்லை. விடியக்காலம் திறப்பது நின்றது. போவதானால் சாயந்திரம்தான். இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். பிறகு ஒரு புதன்கிழமை போனேன். அதே அடித்துக்கொள்ளும் நெஞ்சு, அதே ஈரத் துண்டு. சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, கூடத்தின் நடுவே நின்றேன். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் திரும்பவில்லை. அன்றைக்கு எக்ஸ்ரே என்று சொன்னவன் என்னை இடித்துக்கொண்டு போய், "கொஞ்சம் நகருங்க," என்றான். அவனுக்கு என்னை அடையாளமே தெரியவில்லை.

நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்குள் ஒரு வெறுமையும் இருந்தது. எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள் என்று நம்பிக்கொண்டு இத்தனை நாள் இருந்திருக்கிறேன். பார்த்தவர் ஒருவர்தான். அவரும் ஊரில் இல்லை.

கல்யாணமாகி, ஸ்ரீரங்கத்திலேயே வேறு வீட்டுக்கு மாறும் வரை அந்தப் பயிற்சிச் சாலைக்குப் போனேன். என் கையிலும் தோளிலும் கொஞ்சம் சதை பிடித்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது நின்றது. பெரிய உடம்பாக ஒன்றும் ஆகவில்லை. வாசலில் கால் வைக்கும்போது வரும் பயமும் முழுதாகப் போகவில்லை. முதல் வேர்வை வரும்வரை இருக்கும், பிறகு மறந்துவிடும் என்று பழகிக்கொண்டேன். அங்கே யாரோடும் நெருக்கமாகவில்லை. பார்த்தால் தலையசைப்பார்கள், நானும் அசைப்பேன்.

அவரைப் பற்றிப் பிறகு ஒரே ஒரு தடவை கேள்விப்பட்டேன். பொன்மலையில் அவரோடு வேலை பார்த்த ஒருவர் எங்கள் ஆபீஸுக்கு வந்திருந்தார். ஹூப்ளியிலேயே கல்யாணம் செய்துகொண்டு விட்டாராம். இரண்டு பெண் குழந்தைகள். பளு தூக்குவதை விட்டுவிட்டு, தொப்பை போட்டுவிட்டாராம்.

"நல்லா இருக்காரா?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்காரு. வாய் ஓயாம பேசுறாரு. முந்தி அப்படிக் கெடையாதுங்க," என்றார் வந்தவர்.

அன்று சாயந்திரம் நான் பஸ்ஸில் போகாமல் பாலத்தில் நடந்தே ஸ்ரீரங்கம் போனேன். நடுப்பாலத்தில், 'நிக்கிறேண்ணே,' என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.