கெட்ட தட்டையும் சேர்த்து எண்ணுங்க

என் அண்ணி அதிர்ந்து பேசி நான் பார்த்ததில்லை. பழைய பல்புகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் பன்னிரண்டு வருஷமாக வேலை செய்கிறார். நானும் அங்கேதான் அட்டைப்பெட்டி ஒட்டுகிறேன். ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் சுட்டுச் சுட்டு அவர் இடது கட்டைவிரலில் ரேகையே இல்லை. அண்ணன் படுத்த படுக்கையான பிறகு வீட்டில் அடுப்பு எரிவது அந்த விரலால்தான்.

ஒவ்வொருவர் மேசையிலும் இரண்டு தட்டு. பழுது பார்த்தபின் எரிந்தது ஒன்றில், எரியாதது மற்றதில். சாயங்காலம் சூப்பர்வைசர் இரண்டையும் தனித்தனியாக எண்ணிச் சீட்டில் எழுதுவார். மொத்தம் எழுதும் வழக்கமே கிடையாது. நூற்றுக்கு இருபத்தைந்து எரியாவிட்டால் வேலை போய்விடும்.

அன்று அண்ணியின் சீட்டில் எரிந்தது எண்பது, எரியாதது இருபது. சூப்பர்வைசர் இருபதை எண்பதால் வகுத்தார்.

"கால் பங்கு வந்துடுச்சு. நாளையிலேருந்து வராதீங்கம்மா."

ஐந்தாவதோடு நின்றவள் நான். அநியாயம் என்று தெரிந்தது, எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. "கடவுளே, நீயே கேளு" என்று முணுமுணுத்தேன்.

அண்ணி எரிகிற பல்பு நாலும் எரியாத பல்பு ஒன்றும் எடுத்து ஒரு பையில் போட்டார்.

"சார், கண்ணை மூடிட்டு ஒண்ணு எடுங்க. பையில எத்தனை இருக்கு?"

"அஞ்சு."

"கெட்டது கையில வர வாய்ப்பு நாலுல ஒண்ணா, அஞ்சுல ஒண்ணா?"

"அஞ்சு... அஞ்சுலதான்."

"அப்ப நூத்துக்கு இருபதுதானே? நல்லது நாலுக்குக் கெட்டது ஒண்ணுங்கிறது ரெண்டு தட்டையும் ஒப்பிடுற கணக்கு. நூத்துக்கு எத்தனைன்னு கேட்டா, கெட்டதையும் சேர்த்துல்ல எண்ணணும்? அது என்ன, கணக்குல வராத அனாதையா?"

"சாருக்குப் பையில கைய விட்டாத்தான் கணக்கு வருது!" என்று பக்கத்து மேசைக்காரி சிரித்தாள்.

சூப்பர்வைசர் முகம் சுண்டிப்போனது. "சரி சரி, போய் உட்காருங்க. இதைப் பெருசாக்க வேணாம்."

பெருசாக்க வேண்டாமாம்! போன மாசம் இதே வகுத்தலை வகுத்துத்தான் எங்களோடு வேலை பார்த்த ஒரு கைக்குழந்தைக்காரியை வெளியே அனுப்பினார். கும்பிட்டு அழுதாள், பாவி மனுஷன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அண்ணி உட்காரவில்லை. "அவ சீட்டையும் எடுங்க சார். எரிஞ்சது எழுபத்தெட்டு, எரியாதது இருபத்திரெண்டு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"அது முடிஞ்ச கதைம்மா."

"உங்களுக்கு முடிஞ்சுது. அவளுக்கு முடியலை."

நான் பசைக்கிண்ணத்தை மூடிவிட்டு அண்ணி பக்கத்தில் போய் நின்றேன். சிரித்தவளும் எழுந்து வந்தாள். சூப்பர்வைசர் பழைய சீட்டு இருந்த இழுப்பறையைத் திறக்கும்வரை நாங்கள் யாரும் உட்காரவில்லை.