பிரிக்க முடியாத நம்பர்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் பிளானிங் ஆபீசில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, நாட்றம்பள்ளியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஷெட்டுகளுக்கு மெஷின் ரிப்பேர் பார்ப்பவர். காபி குடித்ததும் எங்கள் இருவரையும் உள்ளறையில் பேசச் சொல்லிவிட்டுப் பெரியவர்கள் கூடத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

மாப்பிள்ளை ஃபேனைப் பார்த்தார். அது கத்துவதற்கு பேரிங்தான் காரணம் என்றார். பிறகு எனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டார். நான் எம்.எஸ்சி. கணக்கு. பதற்றத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன்: 73939133.

"ஃபோன் நம்பரா? ரெண்டு நம்பர் கம்மியா இருக்கே," என்றார்.

அது பகா எண் என்றேன். ஒன்றையும் தன்னையும் தவிர எதனாலும் மீதியில்லாமல் வகுபடாது. கடைசி இலக்கத்தை எடுத்துவிட்டால் 7393913. அதுவும் பகா எண். இப்படி ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போனால் 7 மட்டும் மிஞ்சுகிறவரை எல்லாமே பகா எண்தான். இந்தக் குணமுள்ள எண்களில் இதுவே ஆகப் பெரியது.

கழற்றிப் பார்க்காமல் எதையும் நம்புகிறவர் இல்லை அவர். செல்ஃபோனில் ஒவ்வொன்றாகச் சோதித்தார். எல்லாம் சரியாக வரவே, பின்னால் இன்னொரு இலக்கம் சேர்த்தால் என்ன ஆகும் என்று கேட்டார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. குரல் உயர்ந்துவிட்டது.

"இன்னா பண்ணாலும் பிரிக்க முடியாதுங்க. புதுசா ஒண்ணு வந்து சேரவும் முடியாது."

கூடத்தில் பேச்சு நின்றது. அப்பா வெளிறிய முகத்தோடு வந்து, எவ்வளவு நாளாக என்று கேட்டார். எண்ணைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "காலேஜ்ல இருந்துப்பா," என்றேன்.

உதவி செய்வதாக எண்ணி மாப்பிள்ளையும் சேர்ந்துகொண்டார். "எங்கிட்டயே இப்பதாங்க சொன்னாங்க."

அப்பா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். வெளியே மாப்பிள்ளையின் அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு, பெண் மனதில் ஒருவன் இருந்தால் முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்று என் அம்மாவிடம் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் எங்களுக்கு விஷயம் உறைத்தது. அது வெறும் நம்பர் என்று கூவிக்கொண்டே மாப்பிள்ளை கூடத்துக்கு ஓடினார். எவனுடைய நம்பர் என்று அவருடைய அக்கா கேட்டார்.

கடைசியில் நான் கூடத்துக்கு வந்து, பலகாரத் தட்டிலிருந்து ஏழு லட்டை எடுத்து வரிசையாக வைத்தேன். இரண்டு பேருக்குச் சமமாகப் பிரித்தேன், ஒன்று மிஞ்சியது. மூன்று பேருக்குப் பிரித்தேன். அப்போதும் ஒன்று மிஞ்சியது. இதைத்தான் பிரிக்க முடியாது என்று சொன்னேன் என்றேன்.

மாப்பிள்ளையின் அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். மிஞ்சிய லட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"இப்ப பிரிச்சுக்கலாம்," என்றார்.

அப்பாதான் முதலில் சிரித்தார். தை மாதத்தில் கல்யாணம் நடந்தது. நாத்தனாருக்கு மட்டும் சந்தேகம் முழுதாகத் தீரவில்லை. ரொம்ப நாள் வரைக்கும், என் ஃபோன் அடித்தால் யாரென்று எட்டிப் பார்ப்பார். பெரும்பாலும் கம்பெனி சூப்பர்வைசர்தான். பெட்டி லேபிள் தீர்ந்துபோனது பற்றிக் கத்திக்கொண்டிருப்பார்.