நாற்பத்தோரு வீட்டுக்குப் பதில் சொன்னவள்

எங்கள் நாசிலேலேவுக்கு எதிலும் முந்திக்கொள்ளும் வாய். அந்த வாயே ஒருமுறை எங்களுக்கு வினையாக வந்தது.

சாம்பேசி ஆறு பெருகினால் சமவெளி முழுக்கத் தண்ணீர்தான். மாடு, பானை, சட்டியோடு கரைக்குப் போய்விடுவோம். ஜூலையில் தண்ணீர் வடிந்ததும் எங்கள் மண்மேட்டுக்குத் திரும்புவோம். மக்கள்தொகை எடுக்க வந்தவன் சரியாக வெள்ளக் காலத்தில் வந்து தொலைத்தான். நாங்கள் மீன் பிடிக்கப் போயிருந்தோம். "நேத்து ராத்திரி எங்க படுத்தீங்க?" என்று கேட்டிருக்கிறான். "இந்தக் கரையிலதான்" என்று நாற்பத்தோரு வீட்டுக்கும் சேர்த்து நாசிலேலேவே பதில் சொல்லிவிட்டாள். அதில் பொய் ஒன்றும் இல்லையே! அவனும் எங்களைக் கரைக்காரர்கள் என்றே எழுதிக்கொண்டு போய்விட்டான்.

மூன்று வருஷம் கழித்துத் தொகுதி எல்லைகளை மாற்றும் சட்டம் வந்தது. புது வரைபடத்தில் எங்கள் மேடு ஆளில்லாத இடம். அக்கரை நகரத் தொகுதியோடு சேர்த்துவிட்டார்கள். ஆளில்லாத மேட்டில் ஆஸ்பத்திரிப் படகு எதற்கு? அதுவும் நகரத்துக்குப் போகும் என்றார்கள். நாசிலேலேவின் மருமகள் போன வருஷம் பிரசவத்தில் பிழைத்ததே அந்தப் படகால்தான். இப்போது மகள் ஏழு மாதக் கர்ப்பிணி.

"என் வாயால போனத நானே மீட்டுட்டு வர்றேன்" என்று கிளம்பிவிட்டாள்.

ஆட்சேபம் கேட்கும் கூட்டம் நகரத்தில் நடந்தது. அண்டை வீட்டுக்காரன் என்ற பாவத்துக்குத் தோணியில் நின்றபடி துடுப்புப் போட்டது நான்.

"முயுந்தா, நின்னுக்கிட்டே தூங்கறியா? சாயந்திரம் கூட்டத்த முடிச்சிருவாங்கடா!" என்று வழியெல்லாம் விரட்டினாள்.

அவள் மகளை நினைத்துத் துடுப்பை வேகமாகப் போட்டேன்.

கூட்டத்தில் அதிகாரி கபெம்ப்வா பட்டியலைப் புரட்டினார். "கணக்குப்படி உங்க மேட்டுல ஒரு ஆள்கூட இல்லம்மா."

"அப்ப உங்ககிட்ட பேசறது பேயா?"

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "பதிவத் திருத்தணும்னா, அன்னிக்குப் பதில் சொன்னவங்க, தப்பா சொல்லிட்டேன்னு கைநாட்டு வைக்கணும். தப்புத் தகவல் குடுக்கறது குற்றம். ஜெயில்கூட உண்டு."

அவள் இடுப்பில் சுற்றியிருந்த சிட்டெங்கே துணியைப் பிடித்து இழுத்தேன். "வா, போயிரலாம். ஊர்த் தலைவரு வந்து பேசட்டும்."

"படகு போனப்புறம் யாரு பேசி என்னடா?" என்று கையை உதறினாள்.

பிறகு ஆற்றோர வீட்டிலிருந்து ஆரம்பித்து, வீட்டுக்கு எத்தனை பேர், யார் யார் என்று ஒப்பித்தாள். கைக்குழந்தைகளைக்கூட விடவில்லை. கபெம்ப்வா இரண்டு பேனாவை மாற்றி எழுதினார். எழுதி முடித்ததும் மைப்பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். ஆனால் மூடியைத் திறக்கவில்லை.

"இன்னொரு தடவ யோசிங்கம்மா."

மூடியை அவளே திறந்தாள். கட்டைவிரலை அழுத்தித் தாளில் பதித்தாள்.

"உள்ள போடறதுன்னா போடுங்க ஐயா. ஆனா என் ஓட்டு எந்தத் தொகுதின்னு மொதல்ல எழுதிட்டுப் போடுங்க."