ஆடியில் யாரும் இறங்குவதில்லை

எட்டுப் பேர் வள்ளத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு இறக்கத்தில் வந்தார்கள். நான் சுண்ணாம்பு வாளியோடு முன்னால் போனேன். பின்னால் அம்மா, ஒரு கையில் பிரஷ்ஷும் மறு கையில் மெழுகுவர்த்திக் கட்டுமாக, முழங்காலைத் திட்டிக்கொண்டே வந்தாள். கல்லறைத் திருநாளுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எங்கள் தேயிலை எஸ்டேட் லயத்து ஆட்கள் அக்கரைக்குப் போய்க் கல்லறைகளுக்கு வெள்ளையடித்துவிட்டு வருவது வழக்கம். வளைவில் திரும்பினேன். கடவு இருக்க வேண்டிய இடத்தில் மதில் நின்றது.

ஆளுயரத்துக்கு மேலே மதில். நடுவில் பச்சை பெயிண்ட் அடித்த இரும்பு கேட். அதன் தலையில் ஒரு கேமரா வேறு. வழி தப்பி வந்துவிட்டேனோ என்று திரும்பிப் பார்த்தேன். பாவாடை கட்டிய வயதிலிருந்து நடந்த வழி, எப்படித் தப்பும்? வள்ளம் சுமந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

கடவு என்றால் பெரிய துறைமுகம் ஒன்றுமில்லை. அணைத் தண்ணீருக்குள் இறங்கும் ஒரு கான்கிரீட் சரிவு, அவ்வளவுதான். பஞ்சாயத்து போட்டது. யார் வேண்டுமானாலும் வள்ளம் இறக்கலாம். அணை நிறைந்தபோது பழைய நடைபாதை தண்ணீருக்குள் போய்விட்டது, கல்லறைத் தோட்டம் அக்கரையில் மாட்டிக்கொண்டது. வள்ளத்தில் கால் மணி நேரம். ஜீப்பில் மலையைச் சுற்றினால் அரை நாள், அதற்கப்புறம் யானைக் காட்டில் ஏற்றம். அம்மாவின் முழங்காலுக்கு அது நடக்கிற காரியமில்லை. என் தம்பி அந்தக் கரையில்தான் கிடக்கிறான்.

கேட்டுக்குப் பின்னாலிருந்து வாட்ச்மேன் வந்தார். குமுளிப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர்.

"இது ரிசார்ட் எடம்மா. போட்டிங் வர்ற கெஸ்டுக்கு மட்டுந்தான். என்னைய ஏசாதீக, நான் கேட்டத் தொறந்தா என் வேல போயிரும்."

"பஞ்சாயத்துக் கடவுய்யா இது!" என்றேன்.

"பேப்பர் இருக்குன்னு சொல்றாகம்மா. ஆபீசுல போய்க் கேளுங்க."

பக்கத்து மேட்டில் காட்டேஜ் கட்டுகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். மழையோடு மழையாக லாரிகள் போனதைப் பார்த்தோம். ஆனால் கீழே இறங்கி யாரும் பார்க்கவில்லை. பார்க்க மாட்டோம். அதற்குக் காரணம் தம்பி.

அவனுக்கு இருபத்திரண்டு வயது. ஓர் ஆடி மாதம், அக்கரை ஏலத்தோட்டத்தில் வேலை முடித்துத் தனியாக வள்ளத்தில் திரும்பினான். காற்று புரட்டிப் போட்டது. மூன்றாம் நாள்தான் கிடைத்தான். அடக்கம் முடிந்த மறுநாள் அம்மா லயத்தின் ஒவ்வொரு வாசலிலும் போய் நின்றாள். அழவில்லை. இனி ஆடியில் வள்ளம் இறக்க மாட்டோம் என்று வீட்டுக்கு வீடு சத்தியம் வாங்கினாள். அக்கரைப் பாறையில் வெள்ளைப் பட்டை அடித்து வைத்தோம். மேலே தேயிலைக் காட்டிலிருந்தே அது தெரியும். பட்டை முங்கினால் வள்ளங்களைத் தூக்கி வந்து நான் வேலை பார்க்கும் பிள்ளைகள் காப்பகத்துப் பின்னால் கவிழ்த்து வைப்போம். பட்டை மறுபடி வெளியே வருகிறவரை, ஐப்பசியே ஆனாலும் எங்களுக்கு அது ஆடிதான், அந்த இறக்கத்தில் யாரும் கால் வைப்பதில்லை. மீறினால் அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒருவரும் போக மாட்டோம். இத்தனை வருஷத்தில் ஒருவர் மீறியதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் திமிரே உண்டு.

மறுநாள் லயத்து ஆண்கள் இரண்டு பேரோடு நான் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனேன். எங்கள் மூவரில் மலையாளம் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கிளார்க் பைலை எடுத்து என் முன்னால் வைத்தார். நான் ஒவ்வொரு வரியாக மற்ற இருவருக்கும் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். கடவு பொதுப் பயன்பாட்டில் இல்லை, அதனால் ரிசார்ட்டுக்குக் குத்தகைக்கு விடப்படுகிறது. நேரில் போய்ப் பார்த்ததில் கான்கிரீட்டில் பாசி படர்ந்திருக்கிறது. வள்ளங்கள் கவிழ்ந்து கிடக்கின்றன, அவற்றின் மேல் புல் முளைத்திருக்கிறது. அங்கே வசிக்கும் ஒரு பெண்ணை விசாரித்ததில், யாரும் அதில் இறங்குவதில்லை, ஒரு சின்னப் பிள்ளைகூட அந்தப் பக்கம் போகாது என்று சொன்னாள்.

பாதியில் என் குரல் நின்றுவிட்டது. "மேக்கொண்டு சொல்லுக்கா" என்றார் ஒருவர். அந்தப் பெண் நான்தான்.

ஆடியில் தூறல் விழுந்த ஒரு பகல். குடையும் பைலுமாக ஒருவர் காப்பகத்துக்கு ஏறி வந்தார். லயத்து ஆட்கள் எல்லாரும் தேயிலைக் காட்டில் வேலையில் இருந்தார்கள். நான் பிள்ளைகளுக்கு உப்புமா ஊட்டிக்கொண்டிருந்தேன். மழைக்காலம் வந்தால், தண்ணீரில் இறங்காதீர்கள் என்று எச்சரிக்க வருஷா வருஷம் யாராவது அதிகாரி வருவார். இவரும் அப்படித்தான் என்று நினைத்து, கட்டன் சாயா போட்டுக் கொடுத்தேன். இந்தக் கடவில் ஆள் இறங்குவதுண்டா என்று கேட்டார்.

"ஆருமே எறங்க மாட்டாக சாரே. ஒரு சின்னப் பிள்ளகூட அந்தப் பக்கம் போவாது. எங்க லயத்துக் கட்டுப்பாடு அப்பிடி" என்றேன். கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு நிறுத்தினேனா? இல்லை. பின்பக்கம் கூட்டிப் போய் வள்ளங்களைக் காட்டினேன். "பாருங்க, புல்லே மொளச்சிருக்கு!" அவர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். நல்ல கட்டுப்பாடு என்று பாராட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு முழுக்க எனக்கு ஒரே பெருமை. ஆடி என்ற ஒரு சொல்லை நானும் சொல்லவில்லை, அவரும் எழுதவில்லை. பட்டை முங்கினால் ஆடி, அதுகூடவா ஒருவருக்குத் தெரியாமல் இருக்கும்?

கூட வந்த இருவரிடமும் அங்கேயே சொல்லிவிட்டேன். ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டார். மற்றவர், "நானா இருந்தாலும் அதத்தாங்கா சொல்லியிருப்பேன்" என்றார். அந்தச் சமாதானம் எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது. கிளார்க் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார்: வருஷம் பன்னிரண்டு மாதமும், மழையிலும்கூட, கடவில் வள்ளம் ஓடுகிறது என்று எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், மறுபடி விசாரிக்க வைக்கலாம். சில மாதம் மட்டும் என்று எழுதினால் நிற்காது.

கல்லறைத் திருநாளன்று நடக்க முடிந்தவர்கள் ஜீப்பில் சுற்றிப் போனார்கள். தம்பிக்கு வெள்ளையடிக்க ஒருவரிடம் சொல்லி அனுப்பினோம். அம்மா மெழுகுவர்த்திக் கட்டைப் பிரிக்கவே இல்லை.

அடுத்த வாரம் நான் மனுவை எழுதினேன். லயம் முழுக்கக் கையெழுத்துப் போட்டது. கடைசியாக அம்மாவிடம் கொண்டுபோனேன். அதற்கு முன்னால் என் வாயால் வந்த வினையையும் சொன்னேன். ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரியாத்தானட்டி சொல்லியிருக்க" என்றாள். "என்ன எழுதியிருக்க, படி."

படித்தேன். மழைக்காலத்திலும் எங்கள் வள்ளங்கள் தடையில்லாமல் ஓடுகின்றன என்ற வரியில் என்னை நிறுத்தினாள்.

"ஆடியிலயுமா?"

"அப்பிடி எழுதுனாத்தாம்மா கடவு கெடைக்கும். கடவு கெடச்சாத்தான் நீ அவனப் போயிப் பாக்க முடியும்."

அம்மா தாளையும் பேனாவையும் வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு அதில் ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாது.

"ஆடியில வள்ளம் ஓடுமின்னா, எம்புள்ள எப்பிடிட்டி செத்தான்?"

பேனாவை மூடி என் கையில் வைத்தாள். மனு காப்பகத்து அலமாரியில்தான் இருக்கிறது. எல்லார் கையெழுத்தும் அதில் இருக்கிறது, அம்மாவுடையதையும் என்னுடையதையும் தவிர.