அம்மாவுக்கு ஒரு நாற்காலி

ராக்கெட் ஒன்று ஒழுங்காக மேலே போனதும் எனக்குச் சொந்த ஊர்கள் பெருக ஆரம்பித்தன. சேவுகம்பட்டிக்காரர்கள் என்னைத் தங்கள் ஊர்ப் பெண் என்றார்கள். வத்தலக்குண்டில் ஒரு டுடோரியல், தன் மாணவி என்று போர்டு வைத்தது. அதன் மாடிப்படியைக்கூட நான் மிதித்ததில்லை. கீரனூர்ப் பக்கம் வைத்திருந்த ஃபிளெக்ஸில் என் தலையை வெட்டி யாரோ ஒருவரின் விண்வெளி உடுப்பின்மேல் ஒட்டியிருந்தார்கள். கீழே 'விண்ணை வென்ற வீரமங்கை' என்று எழுத்து. கொடைக்கானல் பஸ்ஸில் முதல் வளைவிலேயே வாந்தி எடுக்கிறவள் நான். ராக்கெட்டின் எரிபொருள் குழாய்களில் மாட்டும் ரப்பர் வளையங்கள் கசிகின்றனவா என்று பார்ப்பது என் வேலை. அதைத் தரையில் நின்றுதான் பார்க்கிறோம்.

இந்த ஊர்களெல்லாம் அந்தக் காலத்தில் எங்களை விரட்டாத குறையாக அனுப்பிவைத்தவை. அம்மாவும் அப்பாவும் அறுப்புக் கூலிகள். மேஸ்திரி கைகாட்டும் இடத்துக்கு லோடு வண்டியில் ஏறிப் போவோம். நிலக்கோட்டைப் பக்கம் பூ, ஒட்டன்சத்திரத்தில் தக்காளி, கீரனூரில் சின்ன வெங்காயம். அறுப்பு முடிந்தால் சட்டிபானை, பாய், நான் எல்லாம் மறுபடி வண்டிக்குள். டீச்சருக்கு என் பெயர் மனப்பாடமாவதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும். கணக்குப் பாடம் மட்டும் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இருந்தது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் அரசு விடுதி. மூன்று வேளை சோறு போடுகிறார்கள் என்று சேர்ந்தேன். அந்தச் சோறு நின்றுவிடக் கூடாதே என்று பாஸ் செய்துகொண்டே போனதில் இன்ஜினீயரிங் முடிந்து, ஒரு பரீட்சையும் எழுதி, கடலோரத்தில் வேலையும் கிடைத்துவிட்டது.

பேட்டி எடுக்க வருகிறவர்களுக்கு இந்தக் கதை பிடிப்பதில்லை. "சின்ன வயசுல தோட்டத்துல படுத்துக்கிட்டு நட்சத்திரம் பாத்திருப்பீங்களே மேடம்?" என்று எடுத்துக்கொடுப்பார்கள். பார்த்தேன். கூரை இல்லாதவர்கள் வேறு எதைப் பார்ப்பது? மழை வருமா என்றுதான் பார்த்தோம்.

போன வருஷம் கீரனூர்த் தோட்டக்காரர் போன் செய்தார். நாங்கள் பல அறுப்புகளுக்கு அவர் தோட்டத்துக்குத்தான் போயிருந்தோம்.

"ஏனுங்க கண்ணு, நம்ம தோட்டத்துப் புள்ளைங்க நீங்க. பள்ளிக்கூட விழாவுக்கு நீங்கதான் சீஃப் கெஸ்ட்டு. வந்தே ஆகோணுமுங்க."

அந்தக் காலத்தில் 'ஏ புள்ளே' என்பதற்கு மேல் அவர் என்னைக் கூப்பிட்டதில்லை. இந்த 'ங்க'வை வாங்க ஒரு ராக்கெட்டை விட வேண்டியிருந்தது. வருகிறேன், ஆனால் மேடையில் அம்மாவுக்கு ஒரு நாற்காலி போட வேண்டும் என்றேன்.

"அட, இதையெல்லாம் கேக்கோணுமாங்க? போட்டர்லாமுங்க."

நான் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. ஒரு வெங்காய அறுப்பின்போது, காய்ச்சலில் தலை சுற்றி, அவர் வீட்டு வாசல் வேப்பமரத்தடியில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மா உட்கார்ந்துவிட்டாள். செத்த நேரம்தான். யாரும் திட்டவில்லை. அம்மா எழுந்து நடந்ததும் தோட்டக்காரர் மனைவி, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வாளியில் தண்ணீர் தூக்கிவந்து நாற்காலியைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்தார். அதற்குப் பிறகு அம்மா எந்த நாற்காலியிலும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. என் குவார்ட்டர்ஸில் சோபாவில் சாய்ந்தபடி தரையில் உட்கார்ந்துதான் டிவி பார்க்கிறாள். "தரைல உக்காந்தாத்தான்டி இடுப்புக்குச் சொகம்" என்பாள். பச்சைப் பொய். அந்த ஊரிலேயே, அந்தத் தோட்டக்காரர் மனைவியின் கண்ணெதிரிலேயே அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி. மாணவர்களுக்கு ஊக்கம் தருவதற்காக என்று ஆபீஸில் சொல்லி லீவு எடுத்தேன்.

மேடையில் துண்டு விரித்த நாற்காலிகள் வரிசையாக இருந்தன. நடுவில் எனக்காகக் கல்யாண மண்டபத்திலிருந்து தூக்கிவந்த சிவப்பு சிம்மாசனம், கைப்பிடியில் சிங்க முகங்களோடு. அதற்கு அடுத்தது அம்மாவுடையது. பிள்ளைகள் செய்த அட்டை ராக்கெட்டுகளை நான் பார்த்துவிட்டு வருவதற்குள் பிரமுகர்கள் பெருகிவிட்டார்கள். கட்சிக்காரர், உரக்கடைக்காரர், பந்தல் போட்டவரின் மச்சான். அம்மாவின் நாற்காலியில் பட்டுச்சேலையும் கைத்தடியுமாகத் தோட்டக்காரர் மனைவி உட்கார்ந்திருந்தார். அம்மா, விழாவுக்கென்று நான் வாங்கிக்கொடுத்த சின்னாளப்பட்டிச் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு படியோரமாக நின்றிருந்தாள்.

"அம்மாவுக்குக் கீழ முன்வரிசைல எடம் போட்டிருக்கமுங்க," என்றார் தோட்டக்காரர். "ஃபேனுக்கு நேராங்க."

எனக்கு வந்ததே கோபம்! அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப்போய்ச் சிம்மாசனத்தில் உட்காரவைத்தேன்.

"ஏய், விடுடி. அம்புட்டுப் பேரும் பாக்குறாக."

"பாக்கட்டும். உக்காரும்மா."

நுனியில் உட்கார்ந்தாள். நான் அவள் பின்னால் நின்றுகொண்டேன். அறிவிப்பாளர் கையிலிருந்த தாளிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "விண்வெளி நாயகிக்குப் பொன்னாடை!" என்றதும் கட்சிக்காரர் எழுந்துவந்து, சிம்மாசனத்தில் யார் இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல், கேமராவைப் பார்த்துக்கொண்டே அம்மாவுக்குப் போர்த்திவிட்டார். சந்தன மாலையும் அவளுக்குத்தான், பித்தளை ராக்கெட்டும் அவளுக்குத்தான். அம்மா எல்லாவற்றுக்கும் கும்பிட்டாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் பேருக்கு வந்த மரியாதைகளில் சரியான விலாசத்துக்குப் போய்ச் சேர்ந்தது அது ஒன்றுதான்.

கடைசியில் நாட்டுப்பண் பாடினார்கள். அம்மாவும் எழுந்து நின்றாள். முடிந்ததும் தோளிலிருந்த பொன்னாடையை உருவி, குனிந்து, சிம்மாசனத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். உட்காரும் இடம், முதுகு, கைப்பிடி, சிங்க முகங்கள் என ஒன்றையும் விடவில்லை. இம்புட்டுப் பாடும் வீண் என்று நினைத்தேன்.

"எதுக்கும்மா தொடைக்கிற? வா, போவோம்."

அம்மா, பக்கத்து நாற்காலியில் தடியை ஊன்றி எழப் பார்த்துக்கொண்டிருந்த தோட்டக்காரர் மனைவியிடம் போய், ரொம்பப் பரிவாகச் சொன்னாள்.

"நானே தொடச்சுட்டேன் தாயி. இனிமே வாளி தூக்குற வயசா உங்களுக்கு?"